உங்கள் சொந்த உலகத்தில் ரேஸும் கிளாஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: பகடை உருட்டி, கதாபாத்திரமாக நடித்து ஆடும் கதை ஆட்டம்) ஆடிப் பழகி, பிறகு தாங்களே டிஎம் (கதையை நடத்துபவர்) ஆகி, சொந்தமாக ஓர் உலகத்தை எழுத உட்கார்ந்தவர்கள் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ரேஸ் என்பது கதாபாத்திரம் பிறந்த இனம், கிளாஸ் என்பது அது கற்ற தொழில். விதிகள் என்று நான் சொல்வது இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் விதிகளை. அதன் 2014 புத்தகமும் 2024 புத்தகமும் வேறுபடும் இடங்களில் ஆண்டைக் குறிப்பிடுகிறேன். உதாரணத்துக்கு நான் நடத்தும் தீவு உலகம் அடிக்கடி வரும். அங்கே நிலம் குறைவு, இரும்பு கப்பலில்தான் வரவேண்டும், எந்த ஊருக்குப் போவதானாலும் கடல் தாண்டவேண்டும். அதைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஹோம்ப்ரூ (நாமே எழுதற) உலகம்னா ரேஸ், கிளாஸ் எல்லாத்தையும் புதுசா எழுதணுமா?

வேண்டாம். ஒரு ரேஸையோ கிளாஸையோ எடுத்தால் அதில் மூன்று விஷயங்கள் இருக்கும்: அது எப்படித் தோன்றுகிறது, உலகத்தில் அதற்கு என்ன இடம், கேரக்டர் ஷீட்டில் (ப்ளேயரின் கதாபாத்திர விவரத் தாளில்) அதற்கு என்ன எண்கள். முதல் இரண்டையும் தாராளமாக மாற்றுங்கள். எண்களில் கடைசியாகக் கைவையுங்கள். ஷீட்டில் எழுதியிருப்பது ப்ளேயருக்கு நீங்கள் கொடுத்த வாக்கு. அதே நேரத்தில் அது உங்கள் உலகத்தைப் பற்றிய ஒரு கூற்றும்கூட. "எல்ஃபுக்கு (ஆட்டத்தின் கூர்காது இனம்) நான்கு மணி நேர ஓய்வு போதும்" என்ற ஒரு வரி உங்கள் உலகத்தில் உண்மை என்றால், அதன் விளைவுகளும் எங்கேயாவது தெரிந்தாக வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாமே இந்த ஒரு எண்ணத்திலிருந்து வருகிறது.

1974-இல் ஆட்டம் வெளிவந்தபோது கிளாஸ் மொத்தமே மூன்று: சண்டைக்காரர், மந்திரவாதி, கிளெரிக் (தெய்வ சக்தியால் மந்திரம் போடுபவர்). 2014 புத்தகத்தில் பன்னிரண்டு. நடுவே வந்த நல்ல உலகங்கள் பலவும் இருந்ததை எடுத்துத் திருப்பிப்போட்டே எழுதப்பட்டவை. 1991-இல் வந்த டார்க் சன் பாலைவன உலகத்தில் எல்ஃப்கள் மணலில் ஓடித் திரியும் நாடோடிகள், சிறிய உடல் கொண்ட ஹாஃப்லிங்குகள் மனிதரைத் தின்பவர்கள். 2004-இல் வந்த எபெரானில் அதே ஹாஃப்லிங்குகள் டைனோசர் மேல் சவாரி செய்கிறார்கள்.

எல்ஃப், ட்வார்ஃப் (குட்டையான சுரங்க இனம்) இல்லாம நடத்தலாமா? எத்தனை ரேஸ் வெக்கணும்?

நடத்தலாம். டிராகன்லான்ஸ் உலகத்தில் ஓர்க்குகளே (வழக்கமாக எதிரியாக வரும் முரட்டு இனம்) கிடையாது, ஹாஃப்லிங் இடத்தில் கெண்டர்கள் வந்தார்கள். எதுவும் குறைந்துவிடவில்லை.

முதல் கேம்பெய்னுக்கு (பல அமர்வுகளாக நீளும் கதைக்கு) நான்கைந்து ரேஸ் தாராளம். எண்ணிக்கையைவிட, ஒவ்வொன்றுக்கும் வாழும் இடம், பிழைப்பு, யாரோடாவது ஒரு பழைய கணக்கு இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத ரேஸை "இந்தப் பக்கம் அவர்கள் வந்ததில்லை" என்று சொல்லி ஒதுக்கிவைக்கலாம். அடியோடு அழித்துவிட்டால் பிறகு கொண்டுவர வழி இருக்காது.

2014 புக்கை வெச்சு மாத்தறதா, 2024 புக்கை வெச்சு மாத்தறதா?

சொந்த உலகத்துக்கு 2024 புத்தகம் வசதி. 2014-இல் ட்வார்ஃப் என்றாலே கோடாரிப் பயிற்சியும் கைவினைக் கருவிப் பயிற்சியும் பிறப்போடு வந்துவிடும். உடல் எங்கே முடிகிறது, வளர்ப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. 2020-இல் வந்த தாஷா புத்தகம் அபிலிட்டி ஸ்கோர் (வலிமை, அறிவு போன்ற அடிப்படை எண்கள்) கூடுதல்களை விரும்பிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. 2024-இல் அந்தக் கூடுதல்கள் முழுவதுமாக பேக்கிரவுண்டுக்கே (கதாபாத்திரத்தின் முன்வாழ்க்கைக்கே) போய்விட்டன. ஆயுதப் பயிற்சியும் ரேஸை விட்டு நீங்கியது. மிஞ்சியது நஞ்சைத் தாங்குவது, இருட்டில் பார்ப்பது போன்ற உடல் சார்ந்த விஷயங்கள்.

கையில் 2014 புத்தகம்தான் இருக்கிறதா? ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, ரேஸின் ஒவ்வொரு அம்சத்தையும் உடல், வளர்ப்பு என்று பிரித்து எழுதுங்கள். வளர்ப்புப் பத்தியில் இருப்பதை உங்கள் ஊர்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பேரை மட்டும் மாத்தினா போதுமா? அது ஏமாத்து வேலை மாதிரி இருக்கே.

பெயரை மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் சாயம் வெளுத்துவிடும், "இது நம்ம ட்வார்ஃப்தானே" என்று ப்ளேயர்களே சொல்வார்கள். எண்களுக்குப் புதிய காரணம் கொடுத்தால் அப்படி ஆகாது. என் தீவு உலகத்தில் மலை இல்லை, சுரங்கம் இல்லை. ஆனால் ட்வார்ஃப்கள் இருக்கிறார்கள், முத்துக் குளிப்பவர்களாக. கடல்பாம்புக்கும் சொறிமீனுக்கும் நடுவே தலைமுறை தலைமுறையாக மூழ்கி எழுந்ததால் நஞ்சு அவர்களை எளிதில் தொடாது. ஆழத்தில் வெளிச்சம் இல்லை, அதனால் டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்). கல்லைப் பார்த்து வரலாறு சொல்லும் திறமை, மூழ்கிப்போன துறைமுகங்களின் சுவர்களைப் படிக்கும் திறமை ஆனது. ஷீட்டில் ஓர் எண்கூட மாறவில்லை.

எல்ஃபில் இன்னும் நன்றாக அமைந்தது. நான்கு மணி நேர ஓய்வு போதும், இருட்டில் கண் தெரியும், மந்திரத்தால் தூங்கவைக்க முடியாது. கடலை நம்பி வாழும் ஊரில் இப்படி ஓர் இனம் இருந்தால் இரவில் சுக்கான் பிடிக்க வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? அதனால் என் உலகத்தில் எல்ஃப் மாலுமி இல்லாத சரக்குக் கப்பல் இரவில் கிளம்பாது. அந்த மாலுமிகளின் சங்கம் வேலைநிறுத்தம் செய்தால் தீவுகளில் அரிசி விலை ஏறும். காட்டு எல்ஃபை எழுதியிருந்தால் இந்த அரசியல் எனக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே வரிசை இதுதான்: ஷீட்டில் உள்ள ஒவ்வொரு அம்சத்தையும் எடுங்கள், "இது உண்மையானால் இவர்களை யார் வேலைக்கு வைப்பார்கள், யார் இவர்களைப் பார்த்துப் பயப்படுவார்கள்?" என்று கேளுங்கள். பெயர் கடைசியில் தானே வரும்.

பாதிப் பேருக்கு மேல டார்க்விஷன் இருக்கு. இருட்டுக்கு அர்த்தமே இல்லாம போயிடுதே?

2014 புத்தகத்தில் ஒன்பது ரேஸில் ஆறுக்கு டார்க்விஷன். 2024-இல் பத்தில் ஏழு. பயமுறுத்தும் இருட்டு உங்கள் உலகத்துக்கு முக்கியம் என்றால் இந்தக் கவலை நியாயமானதே.

ஆனால் எடுத்துவிடும் முன் விதியைச் சரியாகப் படியுங்கள். முழு இருட்டை டார்க்விஷன் மங்கல் வெளிச்சமாகத்தான் ஆக்குகிறது. மங்கலில் கண்ணால் கவனிக்கும் பெர்செப்ஷன் ரோலுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) உண்டு, உருட்டாமலே கவனிப்பதற்கான பாஸிவ் பெர்செப்ஷனில் ஐந்து குறையும். நிறமும் தெரியாது. தூரமும் பெரும்பாலும் 60 அடியோடு முடிகிறது. விளக்கில்லாமல் நடக்கும் குழு பொறியையும் பதுங்கியிருப்பவரையும் தவறவிடும். பல டேபிள்களில் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தாலே இருட்டு திரும்பி வந்துவிடும்.

அதுவும் போதாது என்றால் ஒரு ரேஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களிடமிருந்து நீக்குங்கள். நீக்கிய இடத்தில் கட்டாயம் ஏதாவது கொடுங்கள்: ஒரு ஸ்கில் பயிற்சி, ஒரு மொழி, அல்லது மோப்பம், காது கொண்டு கண்டுபிடிக்கும் ரோலுக்கு அட்வான்டேஜ்.

பறக்கற ரேஸ் வேணும்னு கேக்கறாங்க. குடுக்கலாமா?

முதல் லெவலிலிருந்தே பறக்கும் ஆரகோக்ரா போன்ற ரேஸை அனுமதித்தால் பள்ளம், மதில், ஆறு எதுவும் அவருக்குத் தடையில்லை. அடிமட்ட லெவல்களில் நீங்கள் தயாரிக்கும் சிக்கல்கள் பெரும்பாலும் இவைதான். 2024 டிராகன்பார்னிடம் (டிராகன் வழி இனம்) நல்ல வழி இருக்கிறது: ஐந்தாம் லெவலில், ஒரு லாங் ரெஸ்டுக்கு (நீண்ட ஓய்வுக்கு) ஒருமுறை, பத்து நிமிடம் மட்டும் பறக்கலாம். அதற்கு முன் இறக்கை இருந்தாலும் அது இன்னும் முற்றவில்லை என்று சொன்னால் கதையிலும் பொருந்தும்.

என் உலகத்துல கடவுளே கிடையாது. கிளெரிக்கை என்ன பண்றது?

கடவுள் இல்லாவிட்டாலும் கிளெரிக் இருக்க முடியும். டார்க் சன்னில் கடவுள்கள் இல்லை. கிளெரிக்குகள் நெருப்பு, நீர், காற்று, நிலம் ஆகியவற்றிலிருந்து சக்தி பெற்றார்கள். எபெரானில் கடவுள் இருக்கிறாரா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நம்பிக்கையே சக்தி தருகிறது, அதனால் ஊழல் செய்யும் மதத் தலைவரும் மந்திரம் போடலாம். டிராகன்லான்ஸில் கடவுள்கள் விலகிப்போன காலத்தில் நோய் தீர்க்கும் சக்தியே உலகில் இல்லை, அது திரும்புவதே கதை. என் தீவுகளில் கிளெரிக் என்பவர் மூதாதையரின் பெயர்களை மனப்பாடமாக வைத்திருப்பவர். பெயர் மறந்தால் சக்தி போகும்.

கிளெரிக்கையே நீக்குவதானால் ஒரு கேள்விக்கு முதலில் விடை வைத்திருங்கள்: அடிபட்டவர் எப்படி எழுந்திருப்பார்? ஷார்ட் ரெஸ்டில் (சிறு ஓய்வில்) ஹிட் டைஸ் (உயிர்ப்புள்ளி மீட்கும் பகடைகள்) செலவழித்து ஓரளவு மீளலாம். 50 கோல்டு விலையுள்ள ஹீலிங் போஷன் (குணமாக்கும் மருந்து) 2டி4+2 (நான்கு முகப் பகடை இரண்டு, கூட 2) உயிர்ப்புள்ளி தரும். பார்ட், ட்ரூயிட், பாலடின், ரேஞ்சர் ஆகிய கிளாஸ்களிடமும் குணமாக்கும் ஸ்பெல் (மந்திரம்) உண்டு. அவர்களையும் நீக்கினால் போஷன் எளிதாகக் கிடைக்க வேண்டும், அல்லது ஒரு நாளில் சண்டைகள் குறைய வேண்டும். இரண்டுமே இல்லையென்றால் மூன்றாவது செஷனில் யாராவது சாவார்கள்.

மேஜிக் ரொம்ப அரிதான உலகம் வேணும். ஆனா எல்லா ப்ளேயரும் ஸ்பெல் போடறாங்களே?

பன்னிரண்டு கிளாஸில் பார்பேரியன், ஃபைட்டர், மங்க், ரோக் நான்கு மட்டும்தான் அடிப்படையில் ஸ்பெல் இல்லாதவை. மந்திரத்தைத் தடை செய்தால் புத்தகத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். அப்படித்தான் வேண்டுமென்றால் வேறு விதிமுறையை எடுத்து ஆடுவது நல்லது. இந்த ஆட்டம் மந்திரத்தை நம்பிக் கட்டப்பட்டது.

பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் வேண்டியது அரிதான மந்திரம், இல்லாத மந்திரம் அல்ல. அதற்கு ப்ளேயர்களிடமிருந்து எதையும் பறிக்க வேண்டாம். உலகத்தில் மற்றவர்களிடம் மந்திரம் இல்லை என்று வைத்தால் போதும். ஊர் வைத்தியருக்கு ஸ்பெல் தெரியாது, அரசரிடம் மந்திரவாதி இல்லை, கடையில் மந்திர வாள் இல்லை. அந்தச் சூழலில் ஒரு பெண் விரல் நுனியில் நெருப்பு மூட்டினால் சந்தை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மந்திரத்துக்கு விலை வைப்பது இன்னொரு வழி. டார்க் சன்னில் விஸார்டின் ஸ்பெல் சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிரை உறிஞ்சும், உலகம் பாலையானதே அதனால்தான். எந்த விலை வைத்தாலும் முதல் செஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இரும்பே இல்லாத உலகத்துல ஃபைட்டர் என்ன போட்டுக்குவார்?

நான் ஆர்மர் கிளாஸ் (கவசப் பாதுகாப்பு) எண்ணை அப்படியே வைத்துப் பொருளை மாற்றுகிறேன். செயின் மெயிலின் (சங்கிலி வளையக் கவசத்தின்) 16, ஆமை ஓட்டுத் தகடுகளைக் கோத்த கவசத்துக்கு. 1500 கோல்டு விலையுள்ள பிளேட்டின் (முழுத் தகட்டுக் கவசத்தின்) 18, இறக்குமதி இரும்புக்கு. டார்க் சன்னின் பழைய விதிகளில் எலும்பு, கல் ஆயுதங்களுக்குத் தாக்குதலிலும் சேதத்திலும் குறைவு வைத்தார்கள். அந்தக் குறைவு முழுவதும் ஆயுதம் தாங்கியவர் தலையில் விழும், விஸார்டுக்கு ஒன்றும் ஆகாது. இரும்பு இல்லாததை உணரவைக்க அதைப் பரிசாக வையுங்கள், தண்டனையாக வேண்டாம்.

மங்க், பாலடின் மாதிரி கிளாஸ் என் உலகத்துக்குச் சுத்தமா பொருந்தலையே?

கிளாஸ் என்பது ஷீட்டில் இருக்கும் ஒரு தலைப்பு. உங்கள் ஊரில் யாரும் "நான் பாலடின்" என்று அறிமுகம் செய்துகொள்ளத் தேவையில்லை. கவசமில்லாமல் வேகமாகவும் கையாலும் சண்டை போடுகிறவர் மடத்துத் துறவியாக இருக்கலாம், துறைமுக மல்லராக இருக்கலாம், கோயில் நடனக்காரராகவும் இருக்கலாம். பாலடினில் அடிப்படை ஒரு சபதம். கொன்றவரைக் கண்டுபிடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று சத்தியம் செய்த விதவையும் ஸ்மைட் (பாலடினின் சக்தி அடி) அடிக்கலாம்.

வேறொரு சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறும் வார்லாக்கில் மட்டும் கவனம். யாரோடு ஒப்பந்தம் என்ற கேள்வி உலகத்தின் வரலாற்றையே தொடும். அதை ப்ளேயரோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

சில ஸ்பெல் என் கதையையே கவுத்திடுது. பட்டினி, வறட்சி, சாவு எதுவுமே நிக்க மாட்டேங்குது.

பஞ்சத்தைப் பற்றிய கேம்பெய்னில் குட்பெரி ஒன்றே போதும், ஒரு முதல் லெவல் ஸ்பெல்லில் பத்து பேருக்கு ஒரு நாள் உணவு. தண்ணீருக்கும் முதல் லெவலிலேயே ஸ்பெல் உண்டு, ஒருமுறை போட்டால் பத்து காலன். உங்கள் கதை எந்தக் கஷ்டத்தின் மேல் நிற்கிறதோ அதைத் தீர்க்கும் ஸ்பெல்களை மட்டும் தேடி எழுதிக்கொள்ளுங்கள். நான்கைந்துக்கு மேல் இருக்காது. அவற்றை நீக்கலாம். அல்லது ஸ்பெல்லுக்கான பொருளை விலையுள்ளதாக்கி, போடும்போது அது தீர்ந்துபோகும் என்று வைக்கலாம்.

சாவு விஷயத்தில் விதியே உங்களுக்கு உதவுகிறது. இறந்தவரை எழுப்பும் ரெவிவிஃபை போட 300 கோல்டு பெறுமான வைரம் வேண்டும், ரெய்ஸ் டெட் என்றால் 500. போட்டதும் வைரம் காணாமல் போகும். அப்படியானால் உங்கள் உலகத்தில் வைரச் சுரங்கம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் யார் சாகலாம் என்று முடிவு செய்பவர். இதை எழுதாமல் விட்டவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஒரு முழு கேம்பெய்ன் அங்கே சும்மா கிடக்கிறது.

நான் வேண்டாம்னு சொன்ன ரேஸ்தான் வேணும்னு ஒரு ப்ளேயர் அடம்பிடிக்கறார்.

அந்த ரேஸில் அவருக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். டீஃப்லிங் (பேய் வழி இனம்) கேட்பவருக்குக் கொம்பு பிடித்திருக்கலாம், நெருப்பைத் தாங்குவது பிடித்திருக்கலாம், பார்த்தவுடன் எல்லாரும் ஒதுக்குகிற ஒருவராக நடிக்க ஆசையாக இருக்கலாம். முதலாவது தோற்றம், எந்த ரேஸுக்கும் கொடுக்கலாம். இரண்டாவது எண், முன்பு சொன்னபடி வேறு காரணம் கொடுத்து ஷீட்டை அப்படியே வைக்கலாம். மூன்றாவது கதை, உங்கள் உலகத்தில் ஒதுக்கப்பட்டவர் யார் என்று காட்டி அங்கே அவரை நிறுத்துங்கள்.

ஒரு ரேஸ் பிறவியிலேயே கெட்டதுன்னு வெச்சா சண்டை எளிதா இருக்குமே? இந்த ரேஸ் இந்த கிளாஸ்தான் எடுக்கணும்னும் சொல்லலாமா?

பழைய ஆட்டத்தில் இது இருந்தது. 1981-இன் பேஸிக் பதிப்பில் ட்வார்ஃப், எல்ஃப், ஹாஃப்லிங் ஒவ்வொன்றும் தனி கிளாஸ். வேறு பதிப்புகளில் மனிதர் அல்லாதவருக்குக் குறிப்பிட்ட லெவலுக்கு மேல் ஏறத் தடை இருந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்தத் தடைகளை எடுத்தது. எடுத்த பிறகு ஆட்டம் விரிந்ததே தவிரச் சுருங்கவில்லை.

நான் இதற்கு வேண்டாம் என்றே சொல்வேன். "அவங்க பிறப்பே அப்படி", "இந்த வேலைக்கு இவங்கதான்" என்ற பேச்சை நிஜத்தில் கேட்டு வளர்ந்தவர்கள், அதனால் காயப்பட்டவர்கள், நம் டேபிளிலேயே உட்கார்ந்திருப்பார்கள். பொழுதுபோக்க வந்த இடத்தில் அதே விதியை டிஎம் வாயால் அவர்கள் மறுபடி கேட்க வேண்டாம். சண்டைக்கு எதிரி வேண்டுமென்றால் ஒரு படையை, ஒரு கொள்ளைக் கூட்டத்தை, ஒரு கொடுங்கோல் அரசை வையுங்கள். அவர்களுக்கு நோக்கம் இருக்கும், நோக்கம் உள்ள எதிரியோடு பேரம் பேசலாம், ஏமாற்றலாம், ஆள் இழுக்கலாம். எபெரானில் ஓர்க் ட்ரூயிட்கள் வேற்றுலகப் படையெடுப்பிலிருந்து உலகைக் காத்தவர்கள். அங்கே ஓர்க்கைப் பார்த்தவுடன் வாளை உருவ முடியாது, முதலில் பேச வேண்டும்.

உலகத்துக்குள் பாகுபாடு இருக்கலாமா என்றால், இருக்கலாம். அதை அந்த உலகத்து மனிதர்கள் செய்யும் அநியாயமாகக் காட்டுங்கள், விதிப்புத்தகத்தின் உண்மையாக வைக்காதீர்கள். டேபிளில் எல்லாரும் அதற்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்க இலக்கியத் திணைகளை அப்படியே ஐந்து ரேஸா வெக்கலாம்னு நினைக்கறேன். சரியா?

ஆசை புரிகிறது, எனக்கும் பிடித்த யோசனைதான். ஆனால் ரேஸாக வைக்காதீர்கள், பேக்கிரவுண்டாக வையுங்கள். திணை என்பது நிலமும் அங்கே வாழும் வாழ்க்கையும். பிறப்பு உடலோடு அதற்குச் சம்பந்தமில்லை. தவிர குறவர், பரதவர், மறவர் என்பவை இன்றும் உயிரோடு இருக்கும் சமூகப் பெயர்கள். அவற்றை ரேஸாக்கி எண் ஒட்டினால் மேலே சொன்ன சிக்கல் இன்னும் மோசமாக வந்து சேரும்.

2024 முறையில் பேக்கிரவுண்டுதான் அபிலிட்டி கூடுதலையும், ஒரு ஃபீட்டையும் (தனித்திறமை), இரண்டு ஸ்கில்லையும், ஒரு கருவிப் பயிற்சியையும் தருகிறது. திணைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நெய்தலில் வளர்ந்தவருக்குப் படகும் உப்பு வணிகமும், குறிஞ்சியில் வளர்ந்தவருக்கு மலையேற்றமும் தேனெடுப்பும், முல்லையில் கால்நடை. பாலையை மட்டும் பேக்கிரவுண்டாக்காமல் நிலத்துக்கு வரும் நோயாக வையுங்கள். கோடையில் முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலை ஆகும் என்பது பழைய மரபு. அது கேம்பெய்னுக்குக் கிடைத்த வரம், போன முறை பார்த்த பசும்புல்வெளி இந்த முறை வழிப்பறிக்காடாக இருக்கும்.

பார்டுக்குப் பாணர் இருக்கிறார்கள். யாழோடு ஊர் ஊராகப் போகிறவர்கள், வள்ளலை நம்பி வாழ்கிறவர்கள். பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர் வழியில் கண்ட இன்னொருவருக்கு வழியும் ஆபத்தும் சொல்லி வள்ளலிடம் அனுப்பும் ஆற்றுப்படை மரபு, முதல் செஷனைத் தொடங்க அப்படியே பயன்படும்.

நானே ஒரு ரேஸ் எழுதிட்டேன். பவர் கூடிடுச்சான்னு எப்படிப் பாக்கறது?

புத்தகத்தில் அதற்கு மிக நெருங்கிய ரேஸை எடுத்து, பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கு ஒன்று ஈடு பாருங்கள். எப்போதும் இயங்குவதை எப்போதும் இயங்குவதோடும், நாளுக்கு ஒருமுறையை நாளுக்கு ஒருமுறையோடும் ஒப்பிடுங்கள். ஹாஃப்லிங்கின் அதிர்ஷ்டம் சின்னதாகத் தெரியும், ஆனால் டி20-இல் (இருபது முகப் பகடையில்) 1 விழும் ஒவ்வொரு முறையும் வேலை செய்யும். ஹாஃப்-ஓர்க் உயிர்ப்புள்ளி 0-க்கு விழாமல் 1-இல் நிற்பது பெரிதாகத் தெரியும், லாங் ரெஸ்டுக்கு ஒருமுறைதான். எண்ணிக்கை தெரியாமல் தடுமாறினால், ப்ரொஃபிஷியன்ஸி போனஸ் (லெவலோடு ஏறும் பயிற்சி எண்) எவ்வளவோ அத்தனை முறை என்று வைக்கலாம், 2024 டிராகன்பார்னின் மூச்சுத் தாக்குதல் போல.

பிறகு ப்ளேயர்களிடம் காட்டுங்கள். எல்லாரும் அதையே எடுக்க ஆசைப்பட்டால் கூடிவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் இரண்டாவது கேள்வியில் சொன்ன மூன்றில் ஏதோ ஒன்று அதற்கு இல்லை.

கேம்பெய்ன் நடுவுல ஒரு விதியை மாத்தணும்னா?

மாற்றலாம், செஷன் நடக்கும்போது மட்டும் வேண்டாம். அடுத்த செஷனுக்கு முன் அந்த ப்ளேயரிடம் தனியாகப் பேசுங்கள். எடுப்பதற்கு ஈடு கொடுங்கள், பிடிக்கவில்லை என்றால் வேறு கேரக்டர் எடுக்க வழிவிடுங்கள்.

நான் எழுதின உலகத்தைப் புத்தகமா போடலாமா?

உங்கள் உலகம், உங்கள் பெயர்கள், உங்கள் கதை உங்களுடையவை. விதிகளைப் பொறுத்தவரை, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல் 4.0 உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதில் உள்ளதை விற்பனைக்கும் பயன்படுத்தலாம், கேட்கப்பட்ட வடிவில் மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். பன்னிரண்டு கிளாஸும் அதில் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்கிளாஸ்தான் (உட்பிரிவு). ஆர்டிஃபிஸர் கிளாஸ் இல்லை. நான் மேலே பேசிய எபெரான், டார்க் சன், டிராகன்லான்ஸ் உலகங்களும் அதில் சேரா. அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், அவற்றின் ஊரையும் ஆட்களையும் உங்கள் புத்தகத்தில் போட முடியாது. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு ஸ்பெல்லும் ஃபீட்டும் அந்தத் தொகுப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.